பார்பரா குக்: 13 வருட நாயகி, 40 வருடப் பாடகி

பார்பரா குக்கின் தொழில் வாழ்க்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். நியூயார்க்கின் பெரிய நாடக மேடைகளான பிராட்வேயின் இசை நாடகங்களில் அவர் நாயகியாகக் கொடிகட்டிப் பறந்தது 1951இல் தொடங்கி 1964 வரை, மொத்தமே 13 வருடம். அப்புறம் பத்து வருடம் சரிவு. 1975இல் மறுபடி எழுந்து நின்றவர் எண்பது வயதைத் தாண்டியும் பாடிக்கொண்டிருந்தார். "அவர் காலம் முடிந்துவிட்டது" என்று தொழிலே ஒதுக்கிவைத்த பிறகு அவர் பாடிய வருடங்கள் கிட்டத்தட்ட 40.

அமெரிக்க இசை நாடகத்தைப் பற்றிப் பேசும்போது எத்தல் மெர்மன், மேரி மார்ட்டின் என்று பெரிய பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். நான் குக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கேள்வி. குரல் கெடவில்லை, பாட்டு மறக்கவில்லை. இருந்தும் வேலை ஏன் போனது? போன வேலை எந்த வழியாகத் திரும்பி வந்தது?

அட்லாண்டாவில் இருந்து

1927 அக்டோபர் 25 அன்று ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய்த் தொப்பி விற்பவர். அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். பார்பராவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கக்குவான் இருமல் வந்தது. அது கைக்குழந்தையான தங்கைக்கும் தொற்றி, நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, குழந்தை இறந்துபோனது. தங்கை சாவுக்குத் தான்தான் காரணம் என்ற எண்ணத்தோடு வளர்ந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆறு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். அதையும் அந்தச் சிறுமி தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். தனிமையில் கிடந்த அம்மா மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வளர்ந்த பிறகும் இருவருக்கும் ஒரே கட்டில்தான்.

1948இல் அம்மாவோடு இரண்டு வாரம் சுற்றிப் பார்க்க நியூயார்க் போனார். இரண்டு வாரம் முடிந்தது, அம்மா ஊருக்குக் கிளம்பினார். மகள் கிளம்பவில்லை. 20 வயது. தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புத் தேடினார். இரவு விடுதிகளில் பாடினார், பென்சில்வேனியா மலைப் பகுதியில் இருந்த ஒரு கோடை விடுதியில் மேடை ஏறினார். 1951 மே மாதம் 'ஃப்ளாஹூலி' என்ற நாடகத்தில் பிராட்வேக்கு வந்தார். நாடகம் 40 காட்சிகளோடு மூட்டை கட்டியது. ஆனால் பாடத் தெரிந்த புதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்ற பேச்சு நின்றது. 1955இல், பழைய கிறிஸ்தவ வாழ்க்கை முறையை விடாத ஆமிஷ் சமூகத்துக் கதையான 'பிளெய்ன் அண்ட் ஃபேன்சி' ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியதும் அந்தப் பேச்சு உறுதியானது.

73 காட்சிகள்

அடுத்து வந்ததுதான் அவர் பெயரை நிலைநிறுத்திய தோல்வி. வால்டேரின் 'கேண்டிட்' கதையை லியனார்ட் பெர்ன்ஸ்டைன் இசை நாடகமாக்கியிருந்தார். நாயகி குனகோண்ட வேடத்துக்கு ஓபரா பாடும் குரல் வேண்டும், கூடவே நகைச்சுவையும் வர வேண்டும். குக் ஓபரா மேடைப் பாடகி இல்லை. பெர்ன்ஸ்டைன் முன்னால் புச்சினியின் 'மதாம் பட்டர்ஃபிளை'யில் இருந்து பாடிக் காட்டினார், வேடம் கிடைத்தது.

அதில் 'கிளிட்டர் அண்ட் பீ கே' என்று ஒரு பாட்டு. கதைப்படி குனகோண்ட மானம் இழந்து பாரிஸில் ஒரு பணக்காரனின் வைப்பாட்டியாக இருக்கிறாள். பாட்டின் முதல் பகுதி ஒப்பாரி மாதிரி மெதுவாகப் போகும்: என் கதி இப்படி ஆகிவிட்டதே என்று. திடீரென்று கழுத்து நகை கண்ணில் படுகிறது. உடனே தாளம் துள்ள ஆரம்பிக்கும், அழுகை சிரிப்பாக மாறும், அந்தச் சிரிப்பே பிருகாவாக மேலே மேலே ஏறும். சோப்ரானோ, அதாவது உயர்ந்த ஸ்தாயிப் பெண் குரல் கொண்ட பாடகிகள் பயந்து பயந்து தொடும் ஹை சி இதில் பாதி வழி மாதிரிதான். அதற்கும் மேலே இ-பிளாட் வரை போக வேண்டும். ஓபராவில் இப்படி ஒன்றைப் பாடினால் அடுத்த நாள் தொண்டைக்கு ஓய்வு கொடுப்பார்கள். பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி. உடம்பில் ஒட்டவைக்கும் மைக் அப்போது கிடையாது.

அந்த இசைத்தட்டை ஹெட்ஃபோன் போட்டுப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு வியப்பு உச்ச ஸ்வரத்தில் இல்லை. சிரிப்புக்கு நடுவில் மறுபடி அழுகை எட்டிப் பார்க்கும் இடங்களில் அவர் குரலின் நிறம் மாறுகிறதே, அதில்தான். பாடகி தன் திறமையைக் காட்டுகிறார் என்றே தோன்றாது. ஒரு பெண் தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறாள் என்று தோன்றும்.

1956 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 'கேண்டிட்' 73 காட்சிகளில் நின்றுபோனது. இசைத்தட்டு மட்டும் இன்றுவரை விற்கிறது. தோற்ற நாடகத்தின் இசைத்தட்டு ஒரு நடிகையைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நூலகத்துப் பெண்

1957 டிசம்பர் 19 அன்று மெஜஸ்டிக் அரங்கில் 'தி மியூசிக் மேன்' தொடங்கியது. மெரடித் வில்சன் தன் சொந்த மாநிலமான ஐயோவாவின் சின்ன ஊர் வாழ்க்கையை வைத்து எழுதியது. ஊருக்கு ஊர் போய் "பிள்ளைகளுக்குப் பேண்டு வாத்தியம் சொல்லித் தருகிறேன்" என்று காசு பிடுங்கும் ஏமாற்றுக்காரன் ஹெரால்ட் ஹில்லாக ராபர்ட் பிரஸ்டன். அவன் குட்டு தெரிந்தும் அவனை மாற்றிவிடுகிற நூலகர் மரியனாக குக். நாடகம் 1,375 காட்சிகள் ஓடியது. பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகளில் 1958இல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யைத் தாண்டிச் சிறந்த இசை நாடகம் என்ற விருதை வாங்கியது. குக்குக்கும் ஒரு டோனி கிடைத்தது, துணை நடிகை பிரிவில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வேண்டியிருக்கும்.

1962இல் படம் எடுத்தார்கள். பிரஸ்டனைத் தக்கவைத்துக்கொண்ட ஸ்டூடியோ மரியன் வேடத்தை ஷெர்லி ஜோன்ஸுக்குக் கொடுத்தது. ஜோன்ஸ் அதற்குள் ஆஸ்கர் வாங்கிய சினிமா நட்சத்திரம். வியாபாரக் கணக்கு புரிகிறது. ஆனாலும் எனக்கு இது வலிக்கிறது. மேடை நடிப்பு திரை விழுந்ததும் காற்றோடு போய்விடும். படம் மட்டுமே நிற்கும். குக்கின் மரியன் எப்படி நடந்தாள், எப்படித் திரும்பிப் பார்த்தாள் என்று பிறகு வந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. நமக்கு மிஞ்சியிருப்பது குரல் மட்டும்.

1963இல் 'ஷீ லவ்ஸ் மீ'. புடாபெஸ்டில் ஒரு வாசனைத் திரவியக் கடை. அங்கே வேலை பார்க்கும் அமாலியாவும் ஜார்ஜும் ஓயாமல் சண்டை போடுவார்கள். இருவரும் முகம் தெரியாத ஒருவருக்குக் காதல் கடிதம் எழுதிவருகிறார்கள். எழுதுவது ஒருவருக்கொருவர்தான் என்று தெரியாது. காதலன் நேரில் வருவதாகச் சொன்ன இடத்துக்கு வரவில்லை என்ற ஏமாற்றத்தில் அமாலியா மறுநாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறாள். ஜார்ஜ் வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறான். அவன் போன பிறகு அவள் பேனாவை எடுத்துக் கடிதம் எழுத உட்காருகிறாள். "அன்புள்ள நண்பரே" என்று ஆரம்பித்த கை, இரண்டு வரிக்குள் ஜார்ஜைப் பற்றியும் ஐஸ்கிரீமைப் பற்றியும் எழுதத் தொடங்கிவிடுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். மறுபடி ஐஸ்கிரீம். காதலில் விழுந்ததை மனசுக்கு முன்னால் பேனா கண்டுபிடித்துவிடுகிறது. குக் அந்தக் கடிதத்தைப் படிப்பது போலவும் பாடுவது போலவும் ஒரே நேரத்தில் செய்வார். கடைசியில் குரல் உச்சத்துக்குத் தாவும்போது அந்த ஸ்வரம் அந்தப் பெண்ணின் வாயில் இருந்து தானாக நழுவிய மாதிரி இருக்கும்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நாடகம் 300 காட்சிகளைத் தொட்டு, போட்ட காசை எடுக்காமல் நின்றது. குக்குக்கு வயது 36.

இடம் இல்லாமல் போனது

சரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குடியில் தொடங்குவார்கள். நான் வேலையில் தொடங்குகிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம்.

குக் நடித்த வேடங்களை அடுக்கிப் பாருங்கள்: ஆமிஷ் பெண், குனகோண்ட, மரியன், அமாலியா. எல்லோரும் கல்யாணம் ஆகாத இளம்பெண்கள், எல்லோருக்கும் உயர்ந்த ஸ்தாயியில் தெளிந்த சோப்ரானோ குரல். அமெரிக்க இசை நாடகத்தில் அந்தக் குரலுக்கு அந்த வயது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நடுவயதுப் பெண் வேடம் என்றால் நெஞ்சில் இருந்து அடித்துப் பாடும் கனத்த குரல்தான் கேட்பார்கள். சரி, இளம்பெண் வேடமாவது நிறைய இருந்ததா என்றால், அதுவும் குறைந்துகொண்டே வந்தது. 1964இல் 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தில் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் வந்து ரசிகர்களின் காதையே மாற்றினார். 1968இல் 'ஹேர்' ராக் இசையைப் பிராட்வேக்குக் கொண்டுவந்தது. குக்கின் குரல் பழுதடையவில்லை. அந்தக் குரலுக்காகப் பாட்டு எழுதுவதைத் தொழில் நிறுத்திக்கொண்டது.

1964இல் 'சம்திங் மோர்!' இரண்டே வாரத்தில் மூடியது. 1967இல் பாட்டே இல்லாத ஒரு நாடகம், 7 காட்சி. 1971இல் 'தி கிராஸ் ஹார்ப்', அதுவும் 7 காட்சி. இதற்கிடையில் 1965இல் விவாகரத்து. மன அழுத்தம், திடீர் திடீரென்று வரும் பீதி, குடி. உடம்பு பெருத்தது. கையில் காசு இல்லை. கடையில் சாப்பாட்டுப் பொருளைத் திருடும் நிலைக்கு வந்ததை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொன்னார். மெஜஸ்டிக் அரங்கில் தினமும் கைதட்டு வாங்கியவர், அதே நகரத்தில், பதினைந்து வருடத்துக்குள்.

குழந்தையிலேயே தங்கை சாவைத் தோளில் ஏற்றிக்கொண்டவர் இந்தத் தோல்விகளையும் யார் கணக்கில் எழுதியிருப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

பியானோவில் ஒருவர்

1970களின் நடுவில் வாலி ஹார்ப்பர் என்ற பியானோ கலைஞர் அறிமுகமானார். ஒஹாயோக்காரர், குக்கை விட 14 வயது இளையவர். பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது, அவற்றுக்குப் புதிதாக இசை அமைப்பது, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது எல்லாம் அவர். சின்ன விடுதியில் பாடிப் பார்த்துவிட்டு, 1975 ஜனவரி 26 அன்று கார்னகி ஹாலில் தனி நிகழ்ச்சி நடத்தினார்கள். குக்குக்கு 47 வயது. மரியனாகப் பார்த்தவர்கள் மனதில் வைத்திருந்த ஒல்லியான பெண் இல்லை. பருத்த உடம்போடு, நடுவயதுப் பெண்ணாக, அப்படியே வந்து நின்று பாடினார். அரங்கம் அவரை விடவில்லை. நேரடிப் பதிவு கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது.

இந்த இரவைத்தான் 'மறுபிறவி' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு தேதியைக் கவனித்தால் கதை வேறு மாதிரி தெரியும். குக் குடியை விட்டது 1977இல். அதாவது கார்னகி ஹாலுக்கு இரண்டு வருடம் கழித்து. முதலில் குணமாகி, அப்புறம் பாட வந்தார் என்பது நமக்குப் பிடித்த வரிசை. நடந்தது தலைகீழ். நோயோடுதான் மேடை ஏறினார். வாரத்துக்கு வாரம் பாட்டு, ஒத்திகை, பக்கத்தில் ஹார்ப்பர் என்று பிடித்து நிற்க ஏதோ ஒன்று கிடைத்த பிறகுதான் குடியை விட முடிந்தது. போதையில் இருந்து மீள்கிறவர்களிடம் "முதலில் நீ சரியாகி வா, பிறகு வேலை தருகிறோம்" என்று சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். குக்கிடம் அப்படிச் சொல்லியிருந்தால் கார்னகி ஹால் நடந்திருக்காது. அதன்பின் அவர் உயிரோடு இருந்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

ஹார்ப்பர் வாசிப்பில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குக் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் பெரும்பாலான பக்கவாத்தியக்காரர்கள் இடைவெளியை நிரப்ப அவசரப்படுவார்கள். ஹார்ப்பர் அதைக் காலியாக விடுவார். மூச்சுச் சத்தம் கேட்கும். அடுத்த வார்த்தையை குக் அப்போதுதான் யோசிக்கிறார் என்று நமக்குத் தோன்றும். இருவரும் இப்படியே 30 வருடம் சேர்ந்து வேலை செய்தார்கள், 2004இல் ஹார்ப்பர் இறக்கும் வரை.

சாலி

1985 செப்டம்பரில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் இசையமைப்பாளர் ஸ்டீவன் சாந்தைமின் 'ஃபாலீஸ்' நாடகத்தைக் கச்சேரி வடிவில் இரண்டு இரவு நடத்தினார்கள். நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு, நட்சத்திரக் கூட்டம். இடிக்கப்படப்போகும் ஒரு அரங்கில் பழைய நடனப் பெண்கள் பல வருடம் கழித்துச் சந்திக்கிற கதை அது. குக் ஏற்றது சாலி வேடம்: பழைய காதலனை மறக்க முடியாமல் கல்யாண வாழ்க்கையில் வெந்துகொண்டிருக்கும் நடுவயதுப் பெண்.

சாலி பாடும் 'லூசிங் மை மைண்ட்' மிகச் சாதாரணமான சொற்களால் ஆனது. காலை விடிகிறது, காபிக் கோப்பை, உன் நினைப்பு. நாள் முழுக்கச் சின்னச் சின்ன வேலை, உன் நினைப்பு. நீ என்னைக் காதலித்தாயா, இல்லை அன்பாக மட்டும் இருந்தாயா? இதைப் பெரிய சோகப் பாட்டாக அழுது பாடுகிறவர்கள் உண்டு. குக் அழவில்லை. 57 வயதில், வீட்டு வேலை செய்துகொண்டே தனக்குள் பேசுகிற ஒருத்தியைப் போல ஆரம்பிப்பார். குரல் அதே குரல்தான், மரியனின் குரல். அந்த இளம்பெண்ணின் தெளிந்த குரல் நடுவயதுப் பெண்ணின் வாயில் இருந்து வரும்போதுதான் சாலியின் துயரம் முழுதாகப் புரிகிறது: அவள் மனசு அந்தப் பழைய வயதிலேயே நின்றுவிட்டது. "இந்தக் குரலுக்கு இந்த வயதுதான்" என்ற எழுதாத சட்டத்தை இதைவிட அழகாக யாரும் உடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு வேடம் அவருடைய 40 வயதில் கிடைத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கமும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வரும்.

1988இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'கேரி' என்ற இசை நாடகத்தில் அம்மா வேடம் ஏற்றார். மேடை அமைப்பின் ஒரு பகுதி அவர் தலையைப் பதம் பார்க்க வந்தது. நாடகம் பிராட்வே போனபோது அவர் கூடப் போகவில்லை. அங்கே அது ஐந்தே காட்சிகளில் சுருண்டது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாணவர்களிடம்

பிற்காலத்தில் ஜூலியார்டு போன்ற இசைப் பள்ளிகளில் வகுப்பு எடுத்தார். நன்றாகப் பயிற்சி பெற்ற இளம் பாடகி ஒருத்தி கையை அழகாக உயர்த்தி, ஸ்வரம் பிசகாமல் பாடிக்கொண்டிருப்பாள். குக் நடுவில் நிறுத்துவார். பாட்டை விடு, இந்த வரியை எனக்குச் சொல்லு என்பார். சிலரைப் பக்கத்தில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்துப் பாடச் சொல்வார். கையும் முகமும் செய்துகொண்டிருந்த வேலைகள் எல்லாம் நின்றுபோகும். அப்போது வருகிற குரல் வேறாக இருக்கும். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் இதுதான்: நீ இருக்கிறபடியே போதும், வேறு யாராகவும் காட்டிக்கொள்ள வேண்டாம், பயமாக இருப்பதும் அங்கேதான், பாதுகாப்பு இருப்பதும் அங்கேதான். வாழ்க்கையின் பாதியைத் தன் மேலேயே பழி போட்டுக் கழித்த ஒருவர், இருபது வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னார்.

ஹார்ப்பர் போன பிறகு குக் நிறுத்திவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. 2006 ஜனவரியில் மெட்ரோபாலிட்டன் ஓபரா தன் மேடையில் அவருக்குத் தனி நிகழ்ச்சி ஏற்பாடு செய்தது. ஓபரா உலகத்தைச் சேராத பாடகி ஒருவருக்கு அந்த நிறுவனம் இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. 2011இல் கலைஞர்களுக்கு அமெரிக்காவில் தரும் கென்னடி சென்டர் கௌரவம் வந்தது. 2016இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். 2017 ஆகஸ்ட் 8 அன்று மன்ஹாட்டனில் 89 வயதில் காலமானார்.

இவற்றுக்கு நடுவில் 2010இல் ஸ்டூடியோ 54 அரங்கில் 'சாந்தைம் ஆன் சாந்தைம்' என்ற இசைத் தொகுப்பு நிகழ்ச்சி. பிராட்வே இசை நாடக மேடையில் குக் கால் வைத்து 38 வருடம் ஆகியிருந்தது. இந்த நிகழ்ச்சியில் கதை கிடையாது, கதாபாத்திரம் கிடையாது. மரியனும் இல்லை, அமாலியாவும் இல்லை. 82 வயது பார்பரா குக், பார்பரா குக்காகவே பாடினார். அந்த வருடம் டோனி பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, துணை நடிகை பிரிவில். 1958இல் விருது வாங்கிய அதே பிரிவு.